பொற்கொடி பேரில் ஒரு வண்டி

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்துவிட்டால், பல்லடத்துப் பக்கம் ஆட்கள் பேசுவதில் பாதிதான் எதிரில் நிற்பவருக்குக் கேட்கும். மீதியைக் காற்று தாராபுரம் பக்கமாகக் கொண்டுபோய்விடும். அப்பேர்ப்பட்ட காற்றிலும் பொற்கொடி வேலை செய்யும் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிக்குள் ஒரு தூசி அசையாது. கனத்த கதவைச் சாத்திவிட்டால் உள்ளே வேறு உலகம். இளஞ்சூட்டிலும் ஈரத்திலும் முட்டைகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். யாரும் தொடாமலே தட்டுகள் இந்தப் பக்கம் சாயும், கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் சாயும்.

பொற்கொடிக்குக் குஞ்சு பிரிக்கும் மேசையில் வேலை. ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சுகளில் தொப்புள் ஆறாதது, கால் நிற்காதது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் பெட்டியில் போட வேண்டும். கை பாட்டுக்கு அதைச் செய்துகொண்டிருக்கும். மஞ்சள் பஞ்சு பறந்துவந்து இமையில் உட்காரும். குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் கேட்கக் கேட்கத் தகரக் கூரையில் மழை பெய்வது மாதிரி ஆகிவிடும். அந்த மழைக்குள் பொற்கொடி ஊர் சுற்றப் போய்விடுவாள்.

ஊர்களை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் புருஷன் நஞ்சப்பன். அவன் ஆக்டிங் டிரைவர். சொந்தமாக வண்டி கிடையாது. வண்டி வைத்திருப்பவர்கள் கூப்பிடும்போது போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவான். ஏர்போர்ட்டுக்கு, குருவாயூர் கல்யாணத்துக்கு, மைசூருக்கு, ஊட்டிக்கு. விடிகிற நேரத்தில் வீடு வந்து சேருவான். பொற்கொடி வேலைக்குக் கிளம்புமுன் அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள். அடுப்படியில் சுவரோரம் உட்கார்ந்து, காப்பித் தண்ணியைக் குடித்தபடி சொல்லுவான்.

"பர்லியாறு தாண்டினா, புள்ள, கண்ணாடியத் தானா எறக்கோணும்னு தோணும். ஏசி போட்டிருந்தாலும் செரி. அப்படியொரு வாசம். பின்னாடி உக்காந்திருக்கறவிய பாட்டுக்குப் போன நோண்டிட்டு இருக்காங்க. எனக்குத்தான் மனசு கேக்கலெ."

"கண்ணாடிய எறக்குனீங்களா?"

"அவிய சொல்லாம நாம எப்படி எறக்கறது?"

பொற்கொடி ஹேச்சரியில் குஞ்சு பிரிக்கையில் அந்தக் கண்ணாடியை இறக்கிக்கொள்வாள். பர்லியாற்று வாசம் என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சாம்பிராணியும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி ஒன்றை அவளாகவே வைத்துக்கொண்டாள். அவர்களுக்குக் கல்யாணமாகி, மகள் யுவஸ்ரீயைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த பின்னாலும், புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டுக்கா உட்கார்ந்து வெளியூர் போனது பஸ்ஸில்தான். அதிலும் நஞ்சப்பன் கொஞ்ச நேரத்தில் எழுந்து முன்னால் போய், பஸ் டிரைவர் கியர் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அப்படி ஒரு ஆடியில்தான் அவிநாசி ரோட்டில் இருட்டில் வந்துகொண்டிருந்த நஞ்சப்பன் வண்டியைச் சாலை நடுவிலிருக்கும் கட்டையில் ஏற்றிவிட்டான். யாருக்கும் ஒன்றுமில்லை. டயர்தான் கிழிந்தது. "காத்து தள்ளிப்போட்டுது" என்றான். பொற்கொடி நம்பவில்லை. கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது, மருந்தில் நிறுத்தி வைக்கலாம், பகலில் ஓட்டலாம், பொழுது இறங்கிய பின் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக்டிங் டிரைவருக்குப் பிழைப்பே பொழுது இறங்கின பின்னால்தான். மெல்ல மெல்ல போன் அடிப்பது நின்றது. நஞ்சப்பன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். காலையில் அடுப்படியில் சொல்ல அவனிடம் ஊரே இல்லாமல் போனது.

ஒருநாள் வெங்கடபதியின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. வெங்கடபதி தறிப்பட்டறை முதலாளி. நஞ்சப்பன் அதிகமும் ஓட்டியது அவர் வண்டியைத்தான்.

"மொதலாளி பழைய வண்டிய வெலைக்குக் குடுக்கறாராமா, அம்மணி. அந்த வெள்ள வண்டி."

"ஆருக்குங்க?"

"ஆருக்கும் இன்னும் சொல்லலெ. உனக்கு வேணும்னா மொதல்ல உனக்குத்தான்னு சொன்னாரு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நமக்கு எதுக்குன்னு மட்டும் கேட்றாத."

பொற்கொடி கேட்கவில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் அந்த வண்டியில் ஏறிக் காரமடையைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

நஞ்சப்பன் கூலியெல்லாம் கையோடு கைதான். அவளுக்குத்தான் சம்பளம் பேங்குக்கு வருகிறது. ஆகவே கடன் அவள் பேரில் கேட்பதென்று ஆயிற்று. பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு நஞ்சப்பனோடு பேங்குக்குப் போனாள். கடன் பிரிவில் ஆஷ்லி என்ற இளம்பெண் இருந்தாள். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. ஆஷ்லி கணினியைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"அக்கா, உங்க பேருல ஒண்ணுமே வரலீங்களே."

"கடன் ஒண்ணும் இல்லீங்க கண்ணு. அதனாலதான் வராதாட்ட இருக்குது."

"அதாங்க்கா பிரச்சனை. இதுக்கு முன்னால எப்பவாச்சும் பேங்குல, கடையில தவணைக்கு ஏதாச்சும் வாங்கியிருக்கீங்களா?"

"இல்லீங்களே. சீட்டுப் போட்டு எடுத்துக்குவோம். அவசரம்னா தோடு அடகுக்கடைக்குப் போகும், திரும்பி வந்துரும். மக கல்யாணத்துக்கு வாங்குனதக்கூட ஒரு பேச்சுக் கேக்காமக் கட்டிப்போட்டோம்."

"நம்பறேன்க்கா. ஆனா அதெல்லாம் இதுக்குத் தெரியாது. பேங்குல கடன வாங்கித் திருப்பிக் கட்டக் கட்டத்தான் ஸ்கோர்னு ஒண்ணு ஏறும். உங்களுக்குக் கொறைவாவும் இல்ல, நெறைவாவும் இல்ல. ஆளே இல்லாத மாதிரி காட்டுது."

நஞ்சப்பன் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். "ஒருத்தருகிட்டயும் கை நீட்டாம இருந்தது தப்புங்களா, மேடம்?"

"தப்பில்லீங்க, அண்ணா. இதுல தெரியலெ, அவ்வளவுதான்." ஆஷ்லி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு வழி இருக்குது. வரவு செலவு நல்லா இருக்கற ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போட்டா நான் மேல அனுப்பிப் பாக்கறேன். இல்லீன்னா இப்பச் சின்னதா ஏதாச்சும் தவணைக்கு வாங்கி, ஒரு வருசம் போல ஒரு தவணைகூடத் தப்பாமக் கட்டுங்க. அப்பறம் வாங்க."

திரும்பும்போது பொற்கொடிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆளே இல்லாத ஒருத்தி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். கண்டக்டர் அவளிடம் காசு வாங்கி டிக்கெட் கிழித்துக் கொடுத்தது வேடிக்கையாக இருந்தது. குஞ்சின் பூம்பஞ்சு மாதிரி, ஜன்னலைத் திறந்தால் தானும் பறந்துபோய்விடலாம் போலிருந்தது. முன்னால் போய் நின்ற நஞ்சப்பன் அன்றைக்குக் கியரைப் பார்க்கவில்லை.

ஜாமீன் கேட்க இருவருமாக வெங்கடபதி வீட்டுக்குப் போனார்கள். போர்ட்டிகோவில் வெள்ளை வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். வெங்கடபதி நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார். இருவரும் நின்றுகொண்டார்கள்.

"நஞ்சப்பன் எங்க ஊட்டுப் பையனாட்டம். கையெழுத்துத்தானே, போட்டுடறேன்" என்றார். "ஆனா ஒண்ணு. வண்டி இங்கியே நிக்கட்டும். உங்க சந்துல அத எங்க நிறுத்துவீங்க? வேணுங்கறப்ப வந்து எடுத்துட்டுப் போ, பொழுதோட கொண்டாந்து உட்டுரு. எங்க அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, கோயிலுன்னா நீயே கூட்டிட்டுப் போயிருவ. எனக்கும் ஒரு கவலை உட்டுது."

"ஆகட்டுங்க மொதலாளி" என்றான் நஞ்சப்பன். குரலில் நன்றி இருந்தது.

பொற்கொடி மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க மொதலாளி, வண்டி ஆரு பேருலீங்க இருக்கும்?"

"உம் பேருலதாம்மா. கடன் உன்றதுதானே."

"தவணை கட்டறது?"

"நீங்கதான்."

"சாவிங்க?"

வெங்கடபதி சிரித்தார். "சாவி எங்க போயிரும்? எப்பவும் மாட்டற ஆணியிலதான் தொங்கும்." வாசற்படிக்கு உள்ளே சுவரைக் காட்டினார்.

பொற்கொடி அந்த ஆணியைப் பார்த்தாள். வெள்ளைச் சுவரில், ஒரு கை அடிக்கடி பட்டுப்பட்டு, ஆணியைச் சுற்றி அழுக்காக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

"அப்படீன்னா வேண்டாமுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"உங்க கையெழுத்த நாங்க பெருசாத்தானுங்க நெனைக்கறோம். ஆனா வேண்டாமுங்க. போயிட்டு வாரோமுங்க."

நஞ்சப்பன் மொபெட்டை விரட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டான்.

"வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் வண்டி கெடச்சிருக்கும்."

"கெடச்சிருக்கும். ஆருக்குங்க?"

"இத்தன வருசம் அந்த ஆணியிலதான் சாவிய எடுத்தேன், அதுலயேதான் மாட்டுனேன். எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

பொற்கொடியிடம் அதற்குப் பதில் இருந்தது. சொன்னால் இந்த மனுஷனுக்குத் தாங்காது என்று கொள்ளுப்பருப்பைக் கடையப் போய்விட்டாள். அந்த வெள்ளை வண்டியைக் காரமடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனதாகப் பின்னால் சேதி வந்தது. அன்றைக்கு நஞ்சப்பன் சாப்பிடவில்லை. அதற்கப்புறமும் வெகுநாள் அவளோடு பேச்சு வார்த்தை கிடையாது. "சோறு", "தண்ணி", "கதவச் சாத்திக்க" என்பதோடு சரி.

ஆஷ்லி சொன்ன இரண்டாவது வழியில் பொற்கொடி தனியாகப் போனாள். பேங்கு மூலமாகத் தவணைக்கு ஒரு வாஷிங் மிஷின் வாங்கினாள். அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருதரம் வந்தால் பெரிய விஷயம். மிஷினுக்குக் குடத்தில் சுமந்துதான் ஊற்ற வேண்டும். இறக்கிவைத்த ஆட்களே சிரித்துவிட்டுப் போனார்கள்.

"கடன் வாங்கறதுக்கு ஒரு கடனாமா" என்று நஞ்சப்பன் சுவரிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொற்கொடி சோப்புத்தூள் போடும் திறப்பு வழியே குடம் குடமாக ஊற்றி அதை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வட்டக் கண்ணாடிக்குள் நஞ்சப்பனின் வெள்ளைச் சட்டையும் அவளுடைய பச்சைச் சேலையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றும். உடம்பை அதில் சாய்த்துக்கொண்டால் தரை மெல்ல அதிரும். கண்ணை மூடினால் எங்கோ போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். கூட வேலை செய்யும் ரம்ஷா ஒருநாள் வந்தவள் இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, மிஷினு தொவைக்குதா, உங்களத் தூங்க வெக்குதா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தான் அம்மணி. இதுக்குப் பெட்ரோலும் வேண்டாம்."

தவணைகள் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. மாசி மாதத்தில்தான் சோதனை வந்தது. குஞ்சு வாங்கிக் கூலிக்கு வளர்க்கும் பண்ணைக்காரர்கள் வளர்ப்புக்கூலி கட்டுபடியாகவில்லை என்று ஒன்றுசேர்ந்து குஞ்சு இறக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஹேச்சரியில் முட்டை வைப்பதை நிறுத்தினார்கள். தட்டுகள் வெறுமனே சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. கழுவிவிட்ட தரையில் ஆள் நடக்கும் சத்தம் எதிரொலித்தது. பொற்கொடியும் ரம்ஷாவும் காலிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பளம் எப்போது என்று கணக்குப்பிள்ளைக்கே தெரியவில்லை.

ஒரு தவணை தப்பினால் அத்தனையும் போயிற்று. மறுபடியும் ஆளே இல்லாமல் போய்விடுவோம்; அதைவிட மோசம், ஆள் இருக்கிறாள், கட்டாதவளாக இருக்கிறாள் என்றாகிவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று பொற்கொடி பேங்குக்கு ஓடினாள். ஆஷ்லி அவள் கணக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எதுக்குங்க்கா பயப்படறீங்க? நேத்தே உங்க கணக்குல பணம் போட்டிருக்காங்களே. தவணையும் எடுத்தாச்சு."

"ஆருங்க கண்ணு போட்டது?"

"அண்ணாதான் வந்தாரு. கவுண்டர்ல நின்னுட்டு இருந்தாரே."

வீட்டுக்கு வந்தபோது நஞ்சப்பன் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் மிஷினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, பணம் ஏதுங்க?"

"ஆறுச்சாமி டிரைவிங் ஸ்கூல்ல வேலைக்குச் சேந்துட்டேன். பழகறவங்களுக்குப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கோணும். பகல் வேலைதான்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"மொதலாளிகிட்ட வேண்டாம்னு சொல்றப்ப நீ எங்கிட்டக் கேட்டியா?"

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் உதடு கொஞ்சம் கோணியது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"அந்த ஆணிய நீ பாத்த பாரு. அப்பத்தான் புள்ள நானும் பாத்தேன். தெனமும் கை போற எடம், கண்ணு போனதில்ல." பின்பு பொத்தானைக் காட்டி, "இதுல எது?" என்றான்.

அவள் கை நீட்டி அமுக்கினாள். மிஷின் சுற்றத் தொடங்கியது. இருவரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆறுச்சாமியிடம் பழக வரும் ஒரு வாத்தியார் கிளட்சையும் பிரேக்கையும் ஒரே காலால் மிதிக்கிற கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

பங்குனியில் பண்ணைக்காரர்களுக்குக் கூலி ஏறியது, குஞ்சுச் சத்தம் திரும்பி வந்தது. பொற்கொடியும் வண்டி பழகப் போனாள். பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமை தனக்குக் கிடையாது என்று நஞ்சப்பன் கையைத் தூக்கிவிட்டான். ஆறுச்சாமிதான் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் மைதானத்தில் சுற்றிவரும்போது நஞ்சப்பன் ஓரத்தில் நின்று, தன் காலால் மண்ணை மிதித்து மிதித்து பிரேக் போட்டுக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, கண்ணு ரோட்டுல இருக்கட்டும். எங்கியோ போயிருது பாரு" என்பார் ஆறுச்சாமி.

"ரோட்டுலதானுங்கண்ணா இருக்குது" என்பாள். எந்த ரோடு என்று அவள் சொன்னதில்லை.

புரட்டாசியில் ஆஷ்லி கூப்பிட்டனுப்பினாள். திரையைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"இப்பத் தெரியுதுங்க்கா. பேரு வந்திருச்சு. மொதல் கடங்கறதால வட்டி கொஞ்சம் எச்சுதான். நீங்க கேட்ட அளவும் வராது. கொறைச்சுத்தான் குடுப்பாங்க. பரவால்லீங்களா?"

"பரவால்லீங்க கண்ணு" என்றாள் பொற்கொடி. கொஞ்சம் தயங்கி, "எங்க இருக்குதுங்க என்ற பேரு?" என்று கேட்டாள். ஆஷ்லி திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆங்கில எழுத்துகள். பொற்கொடி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சரிதான் என்பதுபோல் தலையசைத்தாள்.

குறைத்துக் கொடுத்த பணத்துக்கு ஏற்ற வண்டியாகச் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று கிடைத்தது. வலப்பக்கக் கதவில் ஒரு கீறல். சந்துக்குள் அது வராது. மாரியம்மன் கோயில் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளப் பூசாரி இடம் கொடுத்தார். சாவியை வீட்டில் எங்கே வைப்பது என்று இருவரும் யோசித்து, கடைசியில் சீரக டப்பாவில் போட்டு வைத்தார்கள்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் மகளைப் பார்க்கத் தாராபுரம் கிளம்பினார்கள். ஒரு தூக்குப்போசியில் பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு. நஞ்சப்பன் வழக்கப்படி வலப்பக்கம் போய்க் கதவைத் திறந்தான். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றான். பின்பு சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கம் உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தான், கதவில் வைத்தான், மறுபடியும் மடியில் வைத்தான்.

பல்லடம் தாண்டும்வரை வாய் மூடவில்லை. "செகண்டு போடு. ஹாரன் அடி. பஸ்காரன் ஒதுங்க மாட்டான், நீதான் ஒதுங்கோணும். அந்த ஆட்டப் பாரு. ஆட்டப் பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"பாத்தேங்கற, வேகம் கொறையலியே."

குண்டடம் நெருங்கும்போது இரண்டு பக்கமும் சோளக்காடு கருகருவென்று நின்றது. தூரத்துக் காற்றாலைகள் சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. பொற்கொடி கண்ணாடியை இறக்கினாள். நனைந்த செம்மண்ணும் சோளத்தட்டும் சேர்ந்து உள்ளே வந்தது. அவளாகவே மனசில் வைத்துக்கொண்ட வாசம் அல்ல இது. மூக்கு நிறைய இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தாள், பக்கத்தில் பேச்சே இல்லை.

ஏதாவது தப்பு செய்துவிட்டோமோ என்று கண்ணைத் திருப்பினாள். நஞ்சப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். தலை கதவுப் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் இரண்டு கைகளும் உள்ளங்கை மேலாகக் கிடந்தன. எத்தனையோ குடும்பங்களைப் பின்னால் தூங்கவைத்துக்கொண்டு, ஒற்றையாளாகக் கொட்டக் கொட்ட விழித்திருந்து ஊர்கொண்டு சேர்த்த மனுஷன். ஓடுகிற வண்டியில் அவன் தூங்கி அவள் பார்த்ததில்லை. அவனே பார்த்திருக்க மாட்டான்.

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பொற்கொடி ஓரம் கொடுத்து அவனைப் போகவிட்டாள். வேகத்தடை வந்தபோது முதல் கியருக்கு இறக்கி, முன்சக்கரத்தை மெதுவாக ஏற்றி இறக்கி, பின்சக்கரத்தையும் அப்படியே ஏற்றி இறக்கினாள். அவன் முனகவில்லை. தாராபுரம் கடைவீதி தாண்டி அமராவதிப் பாலம் வந்தது. கீழே புதுத்தண்ணீர் செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. "ஏனுங்க, ஆத்தப் பாருங்க" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

பாலம் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். அதையடுத்து யுவஸ்ரீ வீட்டுக்குப் போகிற திருப்பம். பொற்கொடி திருப்பத்தைப் பார்த்தாள். பக்கத்தில் தூங்குகிறவனைப் பார்த்தாள். வண்டியைத் திருப்பாமல் நேரே விட்டாள்.